பரணில் கிடக்கும் மரம் அறுக்கும் மெஷின்

கேள்வி: வர்தா புயலின்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் செயின்சா பரணில் கிடக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. சரிசெய்யலாமா?
- வாசகி, அடையாறு

பதில்: பெரும்பாலும் முடியும் அம்மா. 2016 டிசம்பரில் ஊற்றிய பெட்ரோல் இன்னும் டேங்கில் இருந்தால், கோளாறு அங்கேதான் தொடங்கியிருக்கும். ஆனால் செலவு செய்யுமுன் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கீறல்கள் ஆழமாக இருந்தால், பெரும்பாலும் ஆயில் கலக்காமல் ஓட்டியிருப்பார்கள். அதற்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பேன்.

பிஸ்டன் பளபளப்பாக இருக்கிறதா? டேங்கைக் காலிசெய்து கழுவி, கார்புரேட்டர் டயாஃப்ரம், பெட்ரோல் டியூப், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பரையும் கெடுக்கும். பிளக்கும் புதிதாகவே இருக்கட்டும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மாடலுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயினுக்கான ஆயில் தனி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செயின் பிரேக் பிடிக்காவிட்டால், இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மரத்தில் வைக்காதீர்கள். செயின் ஓடும் பட்டையின் நுனி மரத்தில் இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்; அப்போது செயினை நிறுத்துவது அந்த பிரேக்தான்.