கூரைக்கு முன் தூரத்தைப் பார்

விச்சிட்டா, கன்சாஸ்

அன்புள்ள மகளுக்கு,

விமானத்தின் படங்களைப் பார்த்தேன். 1975-ஆம் வருடத்து செஸ்னா 172, லைகமிங் ஓ-320 எஞ்சின். வண்ணம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மற்றபடி நல்ல விமானம்தான். எங்கள் ஊரில் கட்டியது என்பதால் எனக்கு ஒரு பாசமும் உண்டு. உன் அப்பா சென்னையிலிருந்து கூப்பிட்டு, "விமானத்துக்கும் வாடகை வீடா? இங்கே ஒரு குடும்பமே குடியிருக்கலாமே அந்தக் காசில்!" என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்டதற்கு வருகிறேன்.

மூன்று இடம் எழுதியிருந்தாய். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு நகராட்சி விமான நிலையம். அங்கே தனி ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறாய்; அதுவரை திறந்தவெளியில் கயிறு கட்டி நிறுத்தலாம், அல்லது பலர் சேர்ந்து நிறுத்தும் பெரிய ஹேங்கரில் ஓர் இடம் வாங்கலாம். இரண்டாவது, ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் தனி டி-ஹேங்கர், உடனே கிடைக்கும், வாடகையும் குறைவு. மூன்றாவது, யாரோ "ஹேங்கர் விற்பனைக்கு" என்று ஒட்டியிருக்கும் விளம்பரம். உன் மனம் இரண்டாவதில் இருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதை விட்டுவிடு என்பதுதான் என் யோசனை.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் நின்ற சில நாட்களில் அதன்மேல் இருந்த எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும். பிறகு வெறும் இரும்பு. எரிபொருள் எரிந்தபோது உண்டான நீரும் அமிலமும் உள்ளேயே தங்கி அந்த இரும்பைத் தின்னத் தொடங்கும். மேலே கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். துருப்பிடித்த கேமும் டேப்பட்டும் உரசித் தேய்ந்து, உலோகத் துகள் எண்ணெயில் தெரிய வரும்போது எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியிருக்காது. இதற்கு மருந்து பறப்பதுதான். எண்ணெய்ச் சூடு 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்கும்படி ஒரு மணி நேரமாவது தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது லைகமிங்கின் அறிவுரை. தரையில் பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு "எஞ்சினைப் பார்த்துக்கொண்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அது ஈரத்தைச் சேர்க்குமே ஒழிய விரட்டாது.

இப்போது உன் வாரத்தை நினைத்துப் பார். வேலை முடித்து ஆறு மணிக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பறப்பாயா? சனிக்கிழமை காற்றடித்தால், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது வளைகாப்பு என்றால், அந்த வாரமும் போயிற்று. மாதம் இருநூறு டாலர் மிச்சம் என்று கணக்குப் போடுகிறாய். போகவர மூன்று மணி நேரத்தையும் பெட்ரோலையும் சேர்த்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். அதைவிட, அழகாகப் பூட்டிய கதவுக்குப் பின்னால் எஞ்சின் அழுகுவது பெரிய செலவு.

அப்படியானால் பக்கத்து நிலையத்தில் திறந்தவெளி போதுமா? வேறு ஊராயிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். நீ இருக்கும் வட டெக்ஸாஸில் சொல்ல மாட்டேன். வசந்த காலம் வந்துவிட்டால் அங்கே ஆலங்கட்டி எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. 172-இன் இறக்கைத் தகடு மெல்லிய அலுமினியம். ஏலரானும் ஃபிளாப்பும் அதைவிட மெல்லியவை. ஐம்பது வயது விமானத்துக்கு இறக்கைத் தகட்டை மாற்றும் செலவு விமானத்தின் விலையையே நெருங்கிவிடும். அப்போது காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். டெக்ஸாஸ் வெயிலில் கண்ணாடி மங்குவதும் ரேடியோக்கள் வேகுவதும் வேறு. கூரை இருந்தால் எல்லாம் தப்பும் என்றும் நினைத்துவிடாதே. 2020 மார்ச் 3 அன்று நள்ளிரவு கடந்து நாஷ்வில்லில் சுழற்காற்று ஜான் சி. டியூன் விமான நிலையத்தின் மேல் போனபோது ஹேங்கர்கள் உள்ளிருந்த விமானங்களோடு நொறுங்கின. ஹேங்கர் இருந்தாலும் ஹல் காப்பீட்டை, அதாவது விமானத்துக்கே ஆகும் சேதத்துக்கான காப்பீட்டை, குறைக்காதே.

ஆக, பக்கத்து நிலையத்தின் பொது ஹேங்கர். வாடகை கூடத்தான். அங்கே உனக்கு எதிரி வானிலை இல்லை, டிராக்டர் ஓட்டும் பையன். பின்னால் இருக்கும் ஜெட்டை எடுக்க உன் விமானத்தை இழுத்துத் தள்ளுவான். இறக்கை முனை எதிலாவது உரசும். நாங்கள் "ஹேங்கர் ராஷ்" என்போம். முன்சக்கரத்தை எவ்வளவு திருப்பலாம் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேள், அளவு மீறித் திருப்பினால் முன்கால் சேதமாகும். ஹேங்கர் உரிமையாளரின் பொறுப்புக் காப்பீடு ஒரு விமானத்துக்கு எவ்வளவு வரை என்று எழுத்தில் வாங்கு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு விமானம் வேண்டுமென்றால் யார் வெளியே எடுத்துத் தருவார்கள் என்பதையும் கேள். "திங்கள் முதல் வெள்ளி, எட்டு முதல் ஐந்து" என்று பதில் வந்தால் அந்த ஹேங்கரும் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பதாகவே வைத்துக்கொள்.

வரிசையில் உன் முறை வந்து தனி ஹேங்கர் கிடைக்கும்போது, டேப் எடுத்துக்கொண்டு போ. உன் இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 36 அடி, உயரம் ஏறத்தாழ 9 அடி. கதவு 40 அடி என்றால் பக்கத்துக்கு இரண்டடிதான். மடிந்து மேலே போகும் கதவாயிருந்தால், திறந்த பிறகு மிஞ்சும் உயரத்தை அளந்து பார். தள்ளும் கதவாயிருந்தால் ஒருமுறை நீயே தனியாகத் தள்ளிப் பார். மழை பெய்த மறுநாள் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது தானாகவே தெரியும்.

எலியும் குளவியும் கட்டாயம் இருக்கும். எலி ஒயரைக் கடிக்கும். அதன் மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும். குளவி இன்னும் பொல்லாதது. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் புவெர்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் பறக்காமல் நின்ற விமானம், வேகத்தை உணரும் பிட்டோ குழாய்க்கு உறை போடவில்லை. மண்குளவி அதில் கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். வேகம் காட்டும் கருவி பொய் சொன்னது, விமானிகள் அதில் குழம்பிப்போனார்கள். கூரைக்குக் கீழே நின்றாலும் உறையைப் போடு. ஒரு சிவப்புத் துணி, சில டாலர்தான்.

இனி ஒப்பந்தம். இதைத்தான் யாரும் படிப்பதில்லை. நிலையத்தின் ஊழியரே உன் விமானத்தை இடித்தாலும் நீ நஷ்ட ஈடு கேட்க மாட்டாய், உன் காப்பீட்டு நிறுவனமும் கேட்காது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உன் நிறுவனத்தின் சார்பில் அப்படி எழுதிக் கொடுக்கும் உரிமை உனக்கு இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே காப்பீட்டுத் தரகரிடம் கேட்டுவிடு. அடுத்து, "பராமரிப்பு வேலை கூடாது" என்ற வரி. எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் துடைப்பது போன்றவற்றை விமானி-உரிமையாளர் தானே செய்துகொள்ளலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் பகுதி 43 சொல்கிறது. மத்திய அரசின் மானியம் வாங்கிய நிலையம் உன் விமானத்தில் நீயே வேலை செய்வதை அடியோடு தடுக்க முடியாது. பெயின்ட் அடிக்காதே, கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதே, உள்ளே எரிபொருளை டப்பாவில் வைக்காதே என்று நியாயமான கட்டுப்பாடு போடலாம். அதற்கு நீ கட்டுப்படத்தான் வேண்டும்.

ஒப்பந்தத்தில் நீ கொடுக்கும் வாக்கை நீயும் காப்பாற்ற வேண்டும். மானியம் வாங்கிய நிலையங்களின் ஹேங்கர் விமானத்துக்கானது. படகும் பழைய மரச்சாமானும் அடைத்துவிட்டு விமானமே இல்லாமல் வாடகை கட்டியவர்கள் நிறையப் பேர். அவர்களால்தான் வரிசைகள் நீண்டன. அதனால்தான் எஃப்.ஏ.ஏ. 2016-இல் கொள்கையைத் தெளிவாக்கி, 2017 ஜூலை முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிலாக இல்லாமல் தாங்களே விமானம் கட்டுபவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நீ சோபா போடு, ஃபிரிட்ஜ் வை. விமானம் உள்ளே வந்து போக இடைஞ்சல் இல்லாத வரை கேள்வியில்லை.

இனி, மூன்றாவதாக நீ எழுதிய அந்த "விற்பனை" விளம்பரம். விளம்பரம் கொடுத்தவர் விற்பது கட்டடத்தை, நிலம் நிலையத்துடையது. நிலக் குத்தகை முடிந்ததும் கட்டடமும் நிலையத்துக்கே சேர்ந்துவிடும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. அதனால் விலையை அப்புறம் கேட்கலாம். முதலில் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்று கேள். ஏழெட்டு வருடம் என்றால் நீ வாங்குவது ஹேங்கர் இல்லை, முன்பணமாகக் கட்டிய வாடகை. குத்தகை நீளமாக இருந்தாலும் நிலையம் நிற்குமா என்று பார். சாண்டா மோனிகா நகரம் 2017-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2028 முடிந்ததும் தன் விமான நிலையத்தை மூடிவிடலாம். சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 2003 மார்ச்சில் ஒரே இரவில் மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் ஓடுபாதையைக் கொத்திப் போட்டன, அங்கே நின்ற விமானங்கள் சிக்கிக்கொண்டன. உன் நகரமன்றக் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் இருக்கும், "விமான நிலையம்" என்று தேடிப் படித்துப் பார்.

ஹேங்கர் வாடகையை விட, பக்கத்து ஹேங்கரில் யார் என்பது முக்கியம். சனிக்கிழமை காலை அந்த வரிசையில் ஒரு சுற்று நட. கதவு திறந்து, காபி குடித்துக்கொண்டு யாராவது எஞ்சின் மூடியான கவ்லிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தால் நின்று பேசு. உனக்கு முதல்முறை எண்ணெய் மாற்றச் சொல்லிக் கொடுக்கப்போவது அவர்தான், நல்ல மெக்கானிக் பெயரும் அவரிடம்தான் கிடைக்கும். வரிசையில் யாருடைய ஹேங்கர் காலியாகப் போகிறது என்பது அலுவலகத்துக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை நிலைய அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்டு எனக்கு எழுது: வரிசையில் உன் எண் என்ன, முறை வரும்போது மறுத்தால் பெயர் கடைசிக்குப் போய்விடுமா. பொது ஹேங்கரின் ஒப்பந்தத்தையும் கையெழுத்துப் போடாமல் அனுப்பு, நான் பென்சிலோடு உட்கார்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா