பழந்துணியும் புதுநூலும்
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சுவாமிமலைச் சிற்பக்கூடத்தில் உடைந்த குத்துவிளக்கொன்றை மூசையிலிட்டுக் காய்ச்சினால் அது மீண்டும் உலோகமேயாகும். மெழுகு வடிந்து வெறுமையான களிமண் கருவுக்குள் பாய்ந்து, புதிய உருவெடுத்து வெளிவரும். கிழிந்த வேட்டியை அதே மூசையிலிட்டாலோ சாம்பல்தான் மிஞ்சும். உலோகத்துக்குக் கிட்டும் இம்மறுபிறவியைத் துணிக்கும் அளிக்க இயலுமா என்பதே இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்காக மாணாக்கர் ஆராய்ந்து வரும் பொருள்களுள் ஒன்று. நெய்வோருக்கும் பருத்தி விளைவிப்போருக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இன்று நடைபெறும் முறை

உலகில் ஆடை உற்பத்திக்குச் செலவாகும் மூலப்பொருளில் மீண்டும் ஆடையாகத் திரும்புவது 1 சதவிகிதத்துக்கும் குறைவு என்று எல்லன் மக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பெரும்பகுதி குப்பைக்கோ நெருப்புக்கோ இரையாகிறது.

நம் மாநிலத்தில் பழையதைப் புதிதாக்கும் தொழில் இல்லாமலில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன, இயந்திரத்தின் பற்களால் கிழிக்கப்பட்டுப் பஞ்சாகின்றன, ஓ.இ. நூற்பாலைகளில் மீண்டும் நூலாகின்றன. நிறம் பிரித்த துண்டிலிருந்து நூற்ற நூலுக்குப் பெரும்பாலும் மறுபடி சாயம் ஏற்ற வேண்டுவதில்லை. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கிழிக்கும்போது இழை அறுந்து குட்டையாகிறது. குட்டை இழையில் தடித்த நூலே வரும். மெல்லிய நூல் வேண்டுமாயின் புதுப் பருத்தியையோ வேறு நீள இழையையோ சேர்த்தாக வேண்டும்.

இரசாயனம் செய்யக்கூடியது யாது?

பருத்தியில் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்ட பகுதி செல்லுலோஸ் என்னும் பொருள். வைக்கோலிலும் வாழை நாரிலும் இருப்பதும் இதுவே. சர்க்கரையின் நுண்ணிய மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது அது. அதை உருக்க இயலாது. ஆனால் தக்க திரவத்தில் கரைக்க இயலும். கரைத்த குழம்பை நுண்துளைகள் வழியே பிழிந்து உறையச் செய்தால் புதிய நீள இழை கிடைக்கும். குட்டை இழை என்னும் குறை அங்கே தீர்கிறது.

இந்த உபாயம் பழையது. 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர் விஸ்கோஸ் முறைக்கு உரிமம் பெற்றனர். அதற்குத் தேவையான கார்பன் டைசல்பைடு தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே, நஞ்சில்லாத கரைப்பான்களை விஞ்ஞானிகள் தேடலாயினர். லயோசெல் முறையில் பயன்படும் கரைப்பான் ஒன்று ஏறத்தாழ முழுமையாகவே மீட்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. திரவ நிலையிலுள்ள சில உப்புகளைக் கொண்டு பழந்துணியைக் கரைக்கும் முறையைப் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர்.

பாலியெஸ்டரின் இயல்பு வேறு. 1941இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட இவ்விழை, உலோகத்தைப் போலவே உருகக் கூடியது. அன்றியும், அதைத் தக்க இரசாயனத்துடன் சூடேற்றினால் அது பிறந்த மூலப்பொருள்களாகவே பிரிந்துவிடும்.

கலப்பே முதற் பகை

நிற்க. பருத்தி தனித்திருந்தால் ஒரு வழியுண்டு. பாலியெஸ்டர் தனித்திருந்தால் மற்றொரு வழியுண்டு. இரண்டையும் ஒரே நூலில் முறுக்கிவிட்டால்? ஒன்றைச் சிதைத்து மற்றதைக் காக்க வேண்டும். காரத்தில் பாலியெஸ்டர் சிதையும், பருத்தி நிற்கும். அமிலத்திலும் வெந்நீர் அழுத்தத்திலும் பருத்தி பொடியாகும், பாலியெஸ்டர் நிற்கும். ஹாங்காங் ஆராய்ச்சியாளர் பின்னதைச் செய்து காட்டியுள்ளனர். எனினும் ஒவ்வொரு பிரிப்பும் செலவே. பித்தானும் இழுவைப் பட்டியும் சாயமும் சேர்ந்தால் செலவு மேலும் ஏறும்.

நம் பக்கத்துப் பட்டையும் எண்ணிப் பாருங்கள். பழைய பட்டுப் புடவைகளைச் சரிகையிலுள்ள வெள்ளிக்காக வாங்கி எரிப்பது நெடுநாளைய வழக்கம். வெள்ளி மீள்கிறது, பட்டு புகையாகிறது. பட்டும் சரிகையும் எளிதிற் பிரியும் வழி கிடைத்தால் இரண்டும் மீளுமன்றோ?

ஆற்றின் கணக்கு

துணியை மீட்கிறோமென்று ஆற்றை இழப்பது அறிவுடைமையாகாது. நொய்யலை நாம் அறிவோம். பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேறா நிலையை எய்தும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் சேருமிடம் காவிரி. மேலே விழுவது கீழே நம் வாய்க்காலுக்கும் வரக்கூடும்.

1998இல் அனஸ்தாஸ், வார்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பசுமை இரசாயனத்துக்குப் 12 விதிகளை வகுத்தனர். கழிவை உண்டாக்கிய பின் சுத்தம் செய்வதினும், உண்டாகாமலே தடுப்பது மேல் என்பது அவற்றுள் முதலாவது.

முனைவர் பட்ட மாணாக்கர் ஆண்டுக்கணக்கில் உழைப்பது எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு கணக்குப் போதும். 100 கிலோ கரைப்பானில் சுற்றுக்கு 95 சதவிகிதம் மீள்வதாகக் கொள்வோம். 20 சுற்றுகளுக்குப் பின் எஞ்சுவது சுமார் 36 கிலோவே. 99 சதவிகிதம் மீண்டால், 100 சுற்றுகளுக்குப் பின்னும் சுமார் 37 கிலோ எஞ்சும். குறைந்ததெல்லாம் நீரிலோ காற்றிலோ துணியிலோ கலந்தது என்பதே பொருள். அந்த 4 சதவிகித வேறுபாட்டைக் காண ஓர் இளைஞரின் பல ஆண்டுகள் செலவாகின்றன. நம் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் குறைவுக்குக் காரணம் கேட்பதுபோலவே அவரும் கேட்கிறார்.

சந்தை கற்பிக்கும் பாடம்

விஞ்ஞானம் வென்றால் போதாது. சுவீடனில் ரினியூசெல் என்னும் நிறுவனம் பழம் பருத்தித் துணியைக் கூழாக்கும் பெரிய ஆலையை 2022இல் சுண்ட்ஸ்வால் நகரில் திறந்தது. 2024 பிப்ரவரியில் நொடித்துப் போயிற்று. எதிர்பார்த்த அளவுக்குக் கொள்முதல் வரவில்லை. அவ்வாண்டிலேயே வேறொரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கிச் சர்குலோஸ் எனப் பெயர் மாற்றியது. நெய்தவனுக்கு விற்பனை உறுதி வேண்டும் என்பதற்காகவே 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிற்று. அவ்வுண்மை கூழ் ஆலைக்கும் பொருந்தும்.

பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர் ஓர் ஐயம் எழுப்பலாம்: பழந்துணியே பஞ்சானால் நம் பருத்தியை யார் கேட்பார்? கிழித்த பஞ்சுக்குத் துணையாக நீள இழை தேவைப்படுகிறது. கரைத்துப் பிழியும் முறையோ பெரும்பாலும் மரக்கூழுக்கு மாற்றாக வருவது. ஆகவே உடனே அஞ்ச வேண்டுவதில்லை. தரமும் தூய்மையுமுள்ள பஞ்சுக்கே மதிப்பு நிலைக்கும் என்பதை மட்டும் மனத்திற் கொள்க.

நாம் செய்ய வேண்டுவன

ஒன்று: தறிக்கழிவையும் நூற்கழிவையும் பட்டு, பருத்தி, செயற்கை இழை என வெவ்வேறு மூட்டைகளில் வைத்தல் வேண்டும். கலந்த மூட்டைக்கு விலை குறைவு.

இரண்டு: ஐயமுள்ள நூலைச் சோதித்தறிக. இடுக்கியிற் பிடித்து, உலோகத் தட்டின்மேல், பெரியவர் எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகித வாசனையுடன் எரிந்து மென்சாம்பல் தரும். பட்டு மயிர் கருகும் நாற்றம் தந்து, விரலால் பொடியாகும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

மூன்று: துணியில் என்ன கலந்துள்ளதோ அதை முத்திரைச் சீட்டில் உள்ளபடி எழுதுக. இன்று வாங்குபவருக்குக் கூறும் உண்மை, பின்னொரு நாள் அத்துணியைப் பிரிப்பவருக்கும் வழிகாட்டும். பாவில் செயற்கை நூலை ஒளித்துச் சேர்த்துக் கிடைக்கும் சில ரூபாய், சங்கத்தின் நற்பெயருக்கு ஈடாகாது.

நான்கு: இரசாயனம் கற்க விரும்பும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், தடுக்காதீர்கள். ஆலைகள் தமக்கெனக் கோவையில் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கண்டது 1956இல். தறியின் இயல்பறிந்த ஒருவர் ஆய்வுக்கூடத்தில் இருத்தல் நமக்கு நன்று.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க

1. நம் சங்கத்தில் மாதந்தோறும் சேரும் கழிவு எவ்வளவு? அது எங்கே போகிறது?
2. கலப்பு நூலால் இன்று மிஞ்சும் பணம் எவ்வளவு? நாளை இழப்பது எவ்வளவு?
3. கழிவைப் பல சங்கங்கள் ஒன்றுகூடி விற்றால் விலை கூடுமா?

விடைகளை வாய்மொழியாக விடாமல் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது நலம்.