பாலை நிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டம்

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே பரந்து கிடப்பது தார்ப் பாலைவனம். அங்குள்ள ஜெய்சல்மேர் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் ஆகும். அம்மழையும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, சில நாள்களிலேயே பெய்து முடிந்துவிடும். கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மணலை வாரி இறைக்கும். இத்தகைய நிலத்தில் வீடு கட்டுவோருள் சிலர் வாயிலில் புல்தரை அமைக்க விரும்புகின்றனர். பசுமை கண்ணுக்கு இனியது. ஆயினும், அப்பசுமைக்கு வேண்டிய நீர் எங்கிருந்து கிடைக்கும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எனவே, 100 சதுர மீட்டர் கூரையின் மேல் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு துளியும் வீணாகாவிடில், 20,000 லிட்டர் நீர் சேரும். அதே பரப்புடைய புல்தரைக்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சினால் 500 லிட்டர் செலவாகும். அவ்வாறாயின், ஓராண்டு முழுவதும் கூரையில் விழுந்த மழை 40 நாள்களில் தீர்ந்துவிடும். எஞ்சிய நாள்களுக்கு நிலத்தடி நீரையோ, தொலைவிலிருந்து வரும் கால்வாய் நீரையோ நாட வேண்டும். அது குடிப்பதற்கு உரிய நீர் அன்றோ!

தார் மக்கள் மழைநீரின் அருமையை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் வீட்டருகே நிலத்தைத் தோண்டி, ‘டாங்கா’ எனப்படும் மூடிய தொட்டியைக் கட்டி, அதில் மழைநீரைச் சேமித்தனர். தோட்டம் அமைப்போரும் முதலில் திட்டமிட வேண்டியது நீர்த்தொட்டியையே. செடிகளைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்த பணியாகும்.

மண்ணின் மரங்கள்

பாலையில் இயல்பாக வளரும் மரம் செடிகள் குறைந்த நீரில் வாழக் கற்றவை. அவற்றுள் தலையாயது ‘கேஜ்ரி’ மரம். இதன் ஆணிவேர் மண்ணுள் ஆழமாக இறங்கி நீரைத் தேடும். கடுங்கோடையிலும் இது தளிர்த்து நிழல் தரும். இதன் இலை கால்நடைகளுக்குத் தீவனமாகும். இளங்காய் மக்களுக்குக் கறியாகும். இதுவே ராஜஸ்தானின் மாநில மரம். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜட்லி என்னும் ஊரில், இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அமிர்தா தேவி உள்ளிட்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் துறந்தனர்.

‘ரோஹிடா’ மாநில மலரைத் தரும் மரம். இளவேனில் தொடக்கத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் பூக்கும். ‘கேர்’ என்னும் புதர் பெரும்பாலும் இலையின்றியே இருக்கும். பச்சைத் தண்டுகளே உணவு ஆக்கும். அதன் காயை ஊறுகாய் இடுவர். இலந்தை, கள்ளி, எருக்கு ஆகியனவும் அங்கு இயல்பாக வளர்வன.

அமைக்கும் முறை

வீட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கேஜ்ரி, ரோஹிடா போன்ற மரங்களை நட்டால் பிற்பகல் வெயிலும் மணற்காற்றும் தணியும். வேலியோரத்தில் கேர், இலந்தை முதலிய முட்புதர்களை வளர்க்கலாம். நடைபாதையைக் கல்லால் அமைத்து, நீர் செடிகளை நோக்கி ஓடுமாறு சற்றே சரிவாக விடவேண்டும். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் குழிவான பாத்தி அமைத்து, மண்ணின் மேல் சருகையோ சிறு கற்களையோ பரப்பினால் ஈரம் விரைவில் உலராது. முதல் மழை பெய்தவுடன் சிறு கன்றுகளை நடுதல் நன்று. வேர் ஊன்றும் வரை நீர் ஊற்றிப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

பாறையில் விளைந்த பாடம்

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையின் அடியில் ஏறத்தாழ 70 ஹெக்டேர் பாறை நிலம் உள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் அதனை முழுவதும் மூடியிருந்தது. 2006இல் மரவியல் அறிஞர் பிரதீப் கிருஷண் தலைமையில் அந்நிலத்தை மீட்கும் பணி தொடங்கியது. மேலே வெட்டினால் அம்மரம் மீண்டும் துளிர்த்தது. ஆகவே, கல் உடைக்கும் தொழிலில் தேர்ந்த உள்ளூர் மக்கள், உளியால் பாறையைக் குடைந்து வேரை அகற்றினர். அக்குழிகளில் பாலைக்குரிய செடிகள் நடப்பட்டன. ‘ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா’ இவ்வாறு உருவானது.

அயல் மரமாகிய சீமைக் கருவேலத்தை வடநாட்டார் ‘விலாயதி பபூல்’ என்பர். ‘விலாயதி’, ‘சீமை’ ஆகிய இரு சொற்களும் ‘வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்னும் ஒரே பொருளை உணர்த்துகின்றன. கேஜ்ரிக்கும் தமிழில் பழைய பெயர் உண்டு. அதுவே வன்னி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னியே. தார் மணலில் நிழல் தரும் மரமும் தமிழகக் கோயிலில் வணங்கப்படும் மரமும் ஒன்றே.

சொற்பொருள்
ஆணிவேர் – நேராகக் கீழிறங்கும் முதன்மை வேர்
தலையாயது – முதன்மையானது
எஞ்சிய – மீதமுள்ள
அயல் – வேற்றிடம்

பயிற்சி
1. தோட்டம் அமைப்போர் செடிகளுக்கு முன் நீர்த்தொட்டியைத் திட்டமிட வேண்டும். ஏன்?
2. மரங்களை வீட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் நடுவதன் பயன் யாது?
3. 50 சதுர மீட்டர் கூரையில் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் சேரும்?
4. பிரித்து எழுதுக: அம்மழை, முட்புதர், மணற்காற்று.
5. நீங்கள் வாழும் ஊரில் இயல்பாக வளரும் மூன்று மரங்களின் பெயர்களை அவ்வூர் மொழியில் கேட்டு அறிக. அவற்றின் தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.