இரண்டே கோடு, ஒரு சீசன் நஷ்டம்

யாராவது சீன மொழி படிக்கிறேன் என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: ‘லெ’ என்ற எழுத்தை உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? “அது இறந்த காலம் சார்” என்று பதில் வந்தால், அந்த வகுப்பை விட்டு அன்றைக்கே நின்றுவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும். எனக்குப் போனது ஒரு தீபாவளி சீசன்.

எழுதுவதில் ஒன்றுமே இல்லை. இரண்டு கோடு. சின்னதாக ஒரு படுக்கைக் கோடு, பேனாவை எடுக்காமல் அப்படியே மடக்கி இடது கீழாக ஒரு சாய்ப்பு. அது முடிந்த இடத்திலிருந்து நேராகக் கீழே இறங்கி, அடியில் இடப்பக்கம் ஒரு கொக்கி. அவ்வளவுதான். நடுவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் மட்டும் அது குழந்தையைக் குறிக்கும் எழுத்தாகிவிடும். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்ற சீன அறிஞர் தொகுத்த அகராதியே ‘லெ’யைக் கையில்லாத குழந்தை என்றுதான் விளக்குகிறது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் கை படிந்துவிடும். பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிற வாத்தியாருக்கு மீதி நேரத்தை எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

சீனர்கள் அதிகம் புழங்கும் முதல் பத்து எழுத்துகளில் இது ஒன்று. அதனால் தப்பாகப் படித்தால் தினமும் தப்பு செய்யலாம்.

நான் சீனாவில் ஈவூ என்ற ஊரில் ஹேர் கிளிப், ஹேர் பேண்ட் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவன். அங்குள்ள ஃபுதியன் சந்தையில் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டியே விலை பேசிவிடலாம். சிக்கல் எல்லாம் பிறகு வீசாட்டில் வரும் செய்திகளில்தான். கல் வைத்த கிளிப், தங்க நிறம் மட்டும் என்று ஒரு கடையில் ஆர்டர் கொடுத்து, அட்வான்சும் கட்டியிருந்தேன். பேக்கிங்குக்கு முன் அந்தக் கடைக்கார அம்மா ஒரு படம் அனுப்பினார். அதே மாடல், வெள்ளி நிறம். “லாவ்பான், இது வேணும்தானே?” அங்கே எல்லோரும் எல்லோருக்கும் லாவ்பான்தான், அதாவது முதலாளி.

‘இதை நான் கேட்கவே இல்லையே’ என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம் என்பதற்கு ‘பு யாவ்’. நடந்து முடிந்த விஷயம், ஆகவே வகுப்பில் படித்தபடி கடைசியில் ஒரு ‘லெ’ சேர்த்து, ‘பு யாவ் லெ’ என்று அனுப்பினேன். “ஹாவ் த” என்று பதில் வந்தது. சரி என்று அர்த்தம். நிம்மதியாகத் தூங்கினேன்.

மற்ற கடைகளின் பெட்டிகள் எல்லாம் குடோனுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கடைப் பெட்டி மட்டும் வரவில்லை. ஏனென்றால் ‘பு யாவ் லெ’ என்றால் முன்பு வேண்டியிருந்தது, இனி வேண்டாம் என்று பொருள். நானே என் கையால் ஆர்டரை ரத்து செய்ததாக அந்த அம்மா எடுத்துக்கொண்டார். சரக்கு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அட்வான்சைத் திருப்பித் தரவில்லை, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்றார். தீபாவளிக்கான என் கன்டெய்னர் அந்த மாடல் இல்லாமலே கிளம்பியது. நான் அனுப்பியிருக்க வேண்டியது ‘மெய் யாவ்’. கேட்கவில்லை என்று அர்த்தம். அதில் ‘லெ’யே கிடையாது.

‘லெ’ காலம் காட்டுவதே இல்லை. ஒரு வேலை முடிந்தது, அல்லது நிலைமை மாறியது, இவற்றைத்தான் காட்டும். ஆங்கிலம் வழியாகப் படித்ததால் வந்த வினை இது. தமிழில் சொல்லியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும். “மழை வந்துடுச்சு” என்கிறோமே, அதுதான் ‘ஷ்யா யூ லெ’. சாப்பாட்டுக் கடையில் கூப்பிட்டால் அடுப்படியில் இருந்துகொண்டே “லாய் லெ, லாய் லெ” என்று குரல் கொடுப்பார்கள். நம் ஊரில் தெரு முனையைக்கூடத் தாண்டாதவன் போனில் “இதோ வந்துட்டேன்” என்கிற அதே கதை. ‘தாய் க்வெய் லெ’ என்றால் ரொம்ப விலை. இப்போதைய விலையைத்தானே சொல்கிறோம்? நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்றால் அங்கேயும் சாப்பிடுவதற்குப் பின்னால் ‘லெ’ வரும். நேற்று ரொம்பக் குளிர் என்றால் வராது. முன்பெல்லாம் அடிக்கடி வருவேன் என்றாலும் வராது.

புதுக் கடையில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போதும் கவனம். பத்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன் என்பதற்கு வினைக்குப் பின் ஒரு ‘லெ’, வாக்கியக் கடைசியில் இன்னொரு ‘லெ’. கடைசி ‘லெ’யை விட்டால், பத்து வருஷம் செய்தார், இப்போது விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்புறம் கடனுக்குச் சரக்கு எப்படிக் கிடைக்கும்?

மொழிபெயர்ப்பு ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என் மச்சான் இன்னும் கேட்கிறார். இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ‘பு யாவ்’க்கும் ‘வேண்டாம்’, ‘பு யாவ் லெ’க்கும் ‘வேண்டாம்’.

ஊருக்கு வந்ததும் என் வாத்தியாரைப் பார்த்து இதைக் கேட்டேன். “அந்த ‘லெ’ இரண்டாவது லெவலில் வரும் சார், நீங்க முதல் லெவலோட நின்னுட்டீங்க” என்றார். இரண்டாவது லெவலுக்கு ஃபீஸ் தனி.