கூட்டுக்கு முன்னால் நிற்கும் முன்

அன்புள்ள தம்பி,

இருவாச்சியைப் படம் எடுக்க ஆனைமலைக்குப் போவதாக எழுதியிருந்தாய். எந்த லென்ஸ் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரிந்தது பறவை.

பெரிய இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்தோ உளுத்தோ தானாக விழுந்த பொந்துதான் அதற்குக் கூடு. மார்கழி, தை வாக்கில் பெண் உள்ளே போய், எச்சத்தையும் பழச் சக்கையையும் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். மூன்று நான்கு மாதம் ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அது ஆல், அத்திப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து ஊட்டும்.

அந்த மரத்தடியில் நீ தெரிகிற மாதிரி நின்றால் ஆண் கூட்டுக்கு வரத் தயங்கும். பக்கத்து மரத்தில் உட்கார்ந்து உன்னையே பார்க்கும். பழத்தோடு திரும்பியும் போய்விடும். நீ பொறுமையாகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். காத்திருப்பது அதுதான், பொந்துக்குள் பசியோடு இருப்பவையும்தான்.

காட்டில் உட்கார்ந்தால் மனம் அடங்கும் என்பார்கள். அடங்கும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் இல்லை. முதலில் விருதும் பாராட்டும்தான் தலைக்குள் ஓடும். பிறகு கால் மரத்துப்போகும், கொசு கடிக்கும். எல்லாம் சலித்த பிறகு, நீராவி ரயில் போல ஓர் இரைச்சல் தலைக்கு மேல் போகும். அது இருவாச்சியின் சிறகடிப்பு. அந்த நொடியில் உன் பெயர்கூட உனக்கு நினைவிருக்காது. கோயிலில் எனக்கு அது அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. கேமராவைத் தூக்காமல் ஒருமுறையாவது கேள். அதற்காகவே தேடிப் போகாதே, பக்தியும் பேராசையாகிவிடும்.

மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியில், கறுப்பு வெள்ளையில் காட்டைப் படமெடுத்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். அவரைப் படி. படமெடுத்தவரின் சாகசம் அதில் குறைவு. விலங்கு என்ன செய்தது என்பதுதான் நிறைய.

கேரளத்தில் வாழச்சால் பக்கம் காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைக் காக்கிறார்கள். எந்தக் காட்டுக்குப் போனாலும் அப்படி விவரம் தெரிந்த ஒருவரோடு, அனுமதி வாங்கிக்கொண்டு போ. அவர் “போதும்” என்றால் எழுந்துவிடு. ஐந்து நிமிஷம் கூடக் கேட்டுப் பேரம் பேசாதே.

என்னைக் கேட்டால் இந்த ஆண்டு கூட்டை விட்டுவிடு. பழுத்த ஆலமரத்திலிருந்து சற்று விலகி உட்கார். இருவாச்சியும் வரும், பச்சைப்புறாவும் மலையணிலும் வரும். உன்னால் எந்தக் குஞ்சும் பட்டினி கிடக்காது. தப்பித்தவறிக் கூடு கண்ணில் பட்டால் படத்தோடு இடத்தின் பெயரைப் போடாதே. மறுநாளே கூட்டம் கூடிவிடும்.

தேதி முடிவானதும் எழுது. வால்பாறையில் தங்க இடம் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்