மலைக்குக் கிளம்பும் ஷிப்ட்காரர்களுக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்து, வார லீவு வந்ததும் "அண்ணே, பர்வதமலை போலாமா?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு.

1. நைட் ஷிப்ட் முடித்த காலையில் மலைக்குக் கிளம்பாதே. லைனில் எட்டு மணி நேரம் நின்ற கால், ஏறும்போது காட்டிக்கொடுக்காது. இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும்.

2. குன்றத்தூர் முருகனிலிருந்து ஆரம்பி. சேக்கிழார் பிறந்த ஊர். 84 படிதான், பேசிக்கொண்டே ஏறலாம். மூச்சு வாங்கினால் பர்வதமலைப் பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போடு.

3. அடுத்தது திருக்கழுக்குன்றம். சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு வழியாகப் போய்விடலாம். படி 500-க்கு மேல், வெறுங்கால். பத்து மணிக்கு மேல் கருங்கல் சுடும். அதனால் காலையிலேயே வேதகிரீஸ்வரரைப் பார்த்துவிடு. உச்சிவேளைக்குக் கழுகு வரும் என்று காத்திருக்காதே. பொங்கல் சாப்பிட வந்துகொண்டிருந்தவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களோடு அவற்றின் வரவு நின்றுபோனது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே நாடு முழுக்கப் பாறு இனங்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தைத் தாண்டி ஓடாதே. பல்லவர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்தது. 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அதில் பெயர் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் செய்தது போதும், நீ வண்டிச் சாவியை வெளியே எடுக்காதே.

4. சோளிங்கர்தான் உண்மையான பரீட்சை. யோக நரசிம்மருக்கு 1,305 படி. எதிரே சின்னமலையில் ஆஞ்சநேயருக்கு 400-க்கு மேல். இரண்டையும் ஒரே நாளில் ஏறி இறங்கி, மறுநாள் ஜெனரல் ஷிப்டில் முகம் சுளிக்காமல் நிற்க முடிந்தால் நீ தயார். கையில் கவர் தொங்கினால் குரங்கு விடாது. தேங்காய், பழம் எல்லாம் பைக்குள் இருக்கட்டும்.

5. அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் சோளிங்கரில் ரோப் காரில் கூட்டிப்போ. 2024இல் வந்தது. படியேறினால்தான் புண்ணியம் என்று அவர்களிடம் வீம்பு பேசாதே.

6. இனி பர்வதமலை. 4,500 அடிக்கு மேல். தென்மாதிமங்கலம், கடலாடி என்று இரண்டு வழி. மேலே ஒன்று சேரும். அதன்பின் படி என்ற பேச்சே இல்லை. பாறையில் அடித்த கடப்பாரைகள், சங்கிலி, ஏணி. கம்பெனி சேஃப்டி ஷூவோடு வராதே. இறங்கும்போது முன்பக்க இரும்பு விரலை நசுக்கும். செங்குத்துப் பாறையில் கால் மடங்காது. தண்ணீரை நீயே சும. மேலே மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை சந்நிதி. பௌர்ணமிக் கூட்டத்தில் சங்கிலியருகே நிற்பதே பாதி நேரம், முதல் தடவைக்குச் சாதாரண நாள் போதும். மழை மேகம் கண்டால், அல்லது வனத்துறைக்காரர் வேண்டாம் என்றால், அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பு. ஓடையில் தண்ணீர் எப்போது ஏறும் என்று உன் போனுக்குத் தெரியாது.

7. திரும்பும்போது போளூர், செய்யாறு, காஞ்சிபுரம் என்று நீளமான சாலை. மலையில் விழாதவன் பைக்கில் தூங்கி விழுவான். பஸ்ஸில் வா. பைக்தான் என்று அடம்பிடித்தால், ஆரணியில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பு. மறுநாள் ஏ ஷிப்ட் இருந்தால் இந்த வாரம் வேண்டாம், குன்றத்தூருக்கே போய்வா.