மாற்று லைன் ஏன் தூங்கியது?

நம் சங்கத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. ரயில்வே தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர்களுக்காக ஒரு பாடம்.

1990-களில் தொலைதூர அலுவலகங்களை ஃபிரேம் ரிலே முறையில் இணைப்பார்கள். ஒரே லைனுக்குள் பல ஊர்களுக்கு பி.வி.சி. எனும் நிலையான பாதைகள் இருக்கும். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் அவசரத்துக்கு ஐ.எஸ்.டி.என். லைனும் வைத்திருந்தார்கள். கேபிளைப் பிடுங்கிச் சோதித்தபோது அது உடனே எழுந்தது. ஆனால் ஒருநாள் நடுவழியில் பாதை அறுந்தபோது, பகல் முழுவதும் தூங்கியது!

நான் போய்ப் பார்த்தேன். ரௌட்டர் நலம் விசாரிப்பது பக்கத்து ஸ்விட்சிடம். அது பதில் சொல்லும்வரை லைன் நன்றாக இருப்பதாகவே எண்ணும்.

ஊரிலிருந்து வாராவாரம் வரும் கடிதம் நின்றால் நாம் கவலைப்படுகிறோம் அல்லவா? இங்கும் அதுதான் வழி. ரிப் முறையில் ரௌட்டர்கள் 30 விநாடிக்கொரு முறை தமக்குத் தெரிந்த வழிகளை அறிவிக்கும். 180 விநாடி சேதி இல்லையென்றால் அந்த வழி செல்லாது. சிஸ்கோ ரௌட்டர் 240 விநாடியில் அதை அட்டவணையிலிருந்தே நீக்கிவிடும்.

அதில் ரிப் வழிக்கு எண் 120. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஆகவே மாற்று லைன் வழியை 200 என்ற எண்ணுடன் இரு முனையிலும் எழுதிவைத்தோம். ரிப் வழி நீங்கியதும், நான்கு நிமிடத்தில் அது தானே முன்வந்தது.

ஃபிரேம் ரிலே இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது, பாடம் மறையவில்லை. மாற்றுப் பாதை இருந்தால் மட்டும் போதாது, முதல் பாதை அறுந்த சேதியும் வந்து சேர வேண்டும்.